கயிற்றேணியில் இறங்கிப்போகும் மாமா

பைலட் என்றதும் அண்ணாந்து பார்க்காதீர்கள். இங்கே பேசப்போகும் பைலட் ஆகாயத்தில் இல்லை. உங்கள் வீட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, உங்கள் காபியைக் குடித்துக்கொண்டு, உங்கள் மகன் என்ன படிக்கவேண்டும் என்று உங்களுக்கே சொல்லிக்கொண்டிருக்கிறார்.

குடும்பத்துக்கு ஒருவர் இப்படி உண்டு. சில வீடுகளில் பெரியப்பா, சில வீடுகளில் ஒன்றுவிட்ட அண்ணன், சில வீடுகளில் மாடியில் குடியிருப்பவர். சில துரதிர்ஷ்டசாலிக் குடும்பங்களில் இரண்டு பேர். ஆனால் இந்த இனத்தின் கலப்படமில்லாத அசலைப் பார்க்கவேண்டுமென்றால் துறைமுகத்துக்குத்தான் போகவேண்டும். அங்கேதான் இந்த வேலைக்குச் சம்பளமே கொடுக்கிறார்கள்.

ஒரு கப்பல் துறைமுகத்தை நெருங்கியதும் கொஞ்ச தூரத்திலேயே நின்றுவிடும். எங்கே மணல்திட்டு, எங்கே பாறை, எந்த இடத்தில் நீரோட்டம் பிடித்து இழுக்கும் என்பதெல்லாம் உள்ளூர்க்காரருக்குத்தான் தெரியும். அதனால் துறைமுகத்துப் பைலட் ஒரு சின்னப் படகில் வருவார். கப்பலின் விலாவில் கயிற்றேணி ஒன்று தொங்கும். அதைப் பிடித்து ஏறி, மேல்தளத்துக்குப் போய், கேப்டனின் கையைக் குலுக்கி, காபியை வாங்கிக்கொண்டு "போர்ட் டென்" என்பார். சுக்கான் பிடிப்பவர் "போர்ட் டென், சார்" என்று திருப்பிச் சொல்லிவிட்டு இடப்பக்கம் திருப்புவார். "ஸ்டார்போர்டு" என்றால் வலப்பக்கம். "மிட்ஷிப்ஸ்" என்றால் சுக்கானை நேராக்கு. "டெட் ஸ்லோ அஹெட்" என்றால் ஊர்ந்துகொண்டே முன்னால் போ. இப்படி ஒரு தெருவளவு நீளமுள்ள கப்பலை வாயாலேயே நகர்த்துவார். கையால் ஒன்றையும் தொடமாட்டார். வெளியே போகிற கப்பலுக்கும் இதே உபசாரம்தான். அலைதடுப்புச் சுவரைத் தாண்டி, கடல் கொந்தளிக்க ஆரம்பிக்கிற இடம் வந்ததும், தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "நல்லபடியா போயிட்டு வாங்க" என்று வாழ்த்தி, அதே கயிற்றேணியில் இறங்கிப் படகில் கால்வைத்து, சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டுக்கு வந்துவிடுவார்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. திருப்பச் சொல்வது பைலட். எங்கேயாவது இடித்தால் பதில் சொல்வது கேப்டன். பைலட் சொன்னதெல்லாம் சட்டப்படி வெறும் யோசனை. இந்த ஏற்பாட்டைக் கேட்டால் யாருக்குத்தான் நாக்கில் நீர் ஊறாது? துறைமுகத்தில் வேலைபார்க்கும் நம் பைலட் மாமாவுக்கு ஊறியது. கடலில் இவ்வளவு சௌகரியமாக நடக்கிற ஒரு விஷயம் கரையில் மட்டும் ஏன் நடக்கக்கூடாது என்று வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே அவருக்குத் தோன்றிவிட்டது.

அவர் ஒரு வீட்டுக்குள் ஏறுகிற அழகைப் பார்க்கவேண்டும். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத கால்சட்டை, கதவைத் தட்டுவதிலேயே ஒரு கம்பீரம். உள்ளே வந்ததும் குடும்பத்தலைவரின் கையைக் குலுக்குவார். நாற்காலியை ஜன்னல் ஓரமாகத் திருப்பிப் போட்டுக்கொள்வார். காபி வரும்வரை பேசமாட்டார். வந்ததும் ஒரு வாய் குடித்துவிட்டு, "டிராஃப்ட் எவ்வளவு?" என்பார். கப்பல் தண்ணீருக்குள் எவ்வளவு ஆழம் அமிழ்ந்திருக்கிறது என்பதற்கு அது பெயர். மாமா கேட்டால், குடும்பம் எவ்வளவு தூரம் முழுகியிருக்கிறது என்று அர்த்தம்.

அவருடைய தம்பி வீடு கட்டினார். வரைபடத்தில் படிக்கட்டு உள்ளே இருந்தது. "படியை வெளிய தள்ளு, கூடம் பெருசாகும்," என்றார் மாமா. தள்ளினார்கள். கூடம் பெரிசாயிற்று. முதல் மழைக்குத் தம்பி குடும்பம் மாடிப் படுக்கையறைக்குக் குடைபிடித்துக்கொண்டு போனபோது மாமா ஊரிலேயே இல்லை. அவருடைய மச்சான் பள்ளிக்கூடத்துக்கு எதிரில் செருப்புக்கடை திறந்தார். "பிள்ளைங்க கால் வளர்ந்துகிட்டே இருக்கும், நம்ப முடியாது. பெரியவங்க அளவா வாங்கிப் போடு," என்றார் மாமா. இன்றைக்கும் அந்தக் கடையில் செருப்புகள் புத்தம்புதிதாக இருக்கின்றன. தங்கை மகன் காதலித்த பெண்ணின் வீட்டுக்குப் பேசப்போனவரும் இவர்தான். பெண்ணின் அப்பா எழுந்து நின்று கத்த ஆரம்பித்த நிமிஷம் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வாசலில் மாமாவின் செருப்பு இல்லை.

கிளம்பும்போது மட்டும், கப்பலைத் திறந்த கடலில் விட்டுவிட்டு இறங்குகிறவர்போல, ஒரு வாசகம் சொல்வார். அது மாறவே மாறாது.

"சரி, இனி ஓப்பன் சீ. நீங்க பாத்துக்குவீங்க."

அப்புறம் எதற்காக இவரைக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பெரிய காரியம் ஒன்றின் முன்னால் கைகால் உதறிக்கொண்டு நிற்கிறபோது, பக்கத்தில் கொஞ்சமும் பயப்படாத ஒரு மனிதர் நின்றால் எவ்வளவு தெம்பாக இருக்கிறது! அது அவருடைய கப்பல் இல்லை, அதனால்தான் அவர் பயப்படவில்லை என்பது அந்த நேரத்தில் யாருக்கு உறைக்கிறது?

மாமாவின் அக்கா மகளுக்கும் உறைக்கவில்லை. இத்தனைக்கும் அவள் புத்திசாலி. பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த நடைமேடையிலிருந்து கிளம்பும் என்று நாள் முழுக்க ஒலிபெருக்கியில் சொல்லிச் சொல்லி, வீட்டிலும் வார்த்தைகளை நிறுத்தி நிதானமாக உதிர்க்கிற பழக்கம் வந்துவிட்டவள். கணவர் கணக்கு வாத்தியார். குடியிருப்பது மூன்றாவது மாடியில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தில். அவளுக்கு நிறைமாதம். இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

வரப்போகிற குழந்தையின் துணிமணிகளை அடுக்க, மாமாவின் மனைவி தன் அலமாரியைக் கொடுப்பதாகச் சொன்னாள். அத்தையின் அலமாரி சாதாரணப்பட்டதல்ல. அவளுடைய அப்பா தேக்கில் செய்துகொடுத்தது. இரட்டைக் கதவு, கதவில் செதுக்கிய கொடி, ஆள் நிற்கக்கூடிய ஆழம். மாமா அதைத் திறந்து தன் சட்டையை எடுப்பதற்கே அனுமதி கேட்கவேண்டும் என்பது உறவு முழுக்கத் தெரிந்த சங்கதி. அதைப் போய்க் கொடுக்கிறாள் என்றால் அவளுக்கு இந்தப் பெண்ணின்மேல் எவ்வளவு பிரியம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அத்தைக்கு அன்றைக்கு வேலை இருந்ததால் கூட வரமுடியவில்லை.

"நான் போறேன். யாரும் கவலைப்பட வேண்டாம்," என்றார் மாமா.

எல்லோரும் கவலைப்பட ஆரம்பித்தது அப்போதுதான்.

சாமான் வண்டியில் அலமாரி வந்து இறங்கியது. தூக்குவதற்கு மூன்று பேர், அவர்களுக்கு ஒரு மேஸ்திரி. கணக்கு வாத்தியார் அளவுநாடாவோடு கீழே இறங்கி அலமாரியை அளந்தார், மேலே ஓடி வாசல்நிலையை அளந்தார், திரும்பக் கீழே வந்து இன்னொரு தடவை அளந்தார்.

"மாமா, அலமாரியும் நிலையும் ஒரே அகலம். நடுவுல காத்து போகக்கூட இடம் இருக்காது."

"காத்து எதுக்கு மாப்ளே? அலமாரி போனாப் போதும்."

"இல்ல மாமா, முதுகுப்பக்கம் கழட்டித் தனியா..."

"மாப்ளே, உங்க வீடு, உங்க முடிவு. நான் யோசனைதான் சொல்றேன்." இதைச் சொல்லும்போது மாமாவின் குரல் பாகாய் இருக்கும். "ஆனா இதைவிடக் குறுகலான வாய்க்கால்ல இதைவிடப் பெரிய உருப்படியை எல்லாம் நான் கொண்டுபோயிருக்கேன்."

கணக்கு வாத்தியார் நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார். கேப்டன்கள் எல்லோரும் இந்த இடத்தில்தான் தோற்கிறார்கள்.

மாமா படிக்கட்டில் நாலு படி முன்னால் ஏறி நின்று, மேஸ்திரியைப் பார்த்துக் கையை உயர்த்தினார்.

"டெட் ஸ்லோ அஹெட்!"

"என்ன சார்?"

"மெதுவா முன்னால வா. நான் எதைச் சொன்னாலும் திருப்பிச் சொல்லணும். அப்பதான் காதுல விழுந்துதான்னு எனக்குத் தெரியும்."

"மெதுவா முன்னால வரோம், சார்!"

"போர்ட் டென்! இடப்பக்கம் கொஞ்சம்!"

"போட்டென், சார்!"

முதல் மாடி திரும்புவதற்குள் மேஸ்திரிக்கு இந்த விளையாட்டு பிடித்துப்போய்விட்டது. தூக்கியவர்களுக்கும்தான். பாரம் தெரியவில்லை. மாமா "ஸ்டார்போர்டு!" என்றால் மூன்று தொண்டைகளும் கட்டடம் அதிர "ஸ்டார்போர்டு, சார்!" என்று முழங்கின. கதவுகள் திறந்தன. தலைகள் நீண்டன. இரண்டாவது மாடித் தையற்காரர் ஊசியும் கையுமாக வெளியே வந்தார்.

"என்னப்பா, கப்பலா வருது?"

"ஆமா, வழிவிடுங்க!" என்றார் மேஸ்திரி. தையற்காரர் சுவரோடு ஒட்டிக்கொண்டு சலாம் வைத்தார்.

மூன்றாவது மாடி வந்தது. அலமாரியை நிமிர்த்தி, கதவுப்பக்கம் வீட்டுக்குள் பார்க்கும்படி வாசலில் நிறுத்தினார்கள். மாமா முன்னால் நடப்பவர் அல்லவா, அதனால் அவர் பின்பக்கமாகவே நடந்து வீட்டுக்குள் போனார். கூடத்தின் நடுவில் நின்று இரண்டு கைகளையும் விரித்து, "வா, வா, வா" என்றார். சோபாவில் கால்நீட்டி உட்கார்ந்திருந்த அக்கா மகள் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"மிட்ஷிப்ஸ்! நேரா! இப்ப ஃபுல் அஹெட்! மூச்சைப் பிடிச்சுத் தள்ளு!"

"ஃபுல்லட், சார்!"

தள்ளினார்கள். நிலையின் சாயம் உரிந்தது. மரம் முனகியது. அலமாரி பாதி உள்ளே வந்து, நடுவயிற்றில் நிலை கவ்வ, நின்றுவிட்டது. இன்னொரு தடவை தள்ளினார்கள். அசையவில்லை. பின்னால் இழுக்கலாமென்றால் வழவழவென்ற முதுகுப்பலகையில் பிடிக்க ஒன்றுமில்லை. மாமா சிக்கலை ஒரு பார்வை பார்த்தார். கைகளைத் தட்டிக்கொண்டார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"சரி, இனி ஓப்பன் சீ. நீங்க பாத்துக்குவீங்க," என்று சொல்லி, வாசலை நோக்கித் திரும்பினார்.

வாசல் இல்லை. வாசல் இருந்த இடத்தில் அத்தையின் அலமாரி இருந்தது.

மாமா சமையலறைக்குள் போய்ப் பார்த்தார், அங்கே ஜன்னல்தான் இருந்தது. பால்கனிக்குப் போய்க் கீழே எட்டிப் பார்த்தார், கயிற்றேணி ஏதாவது தொங்குகிறதா என்று பார்த்தாரோ என்னவோ. திரும்பி வந்தவரின் முகத்தைப் பார்த்ததும் அக்கா மகளால் அதற்குமேல் தாங்கமுடியவில்லை. முந்தானையைத் துப்பிவிட்டுச் சிரித்தாள். விழுந்து விழுந்து சிரித்தாள். மாமாவின் தம்பி வீட்டுக் குடையும், மச்சான் கடைச் செருப்பும், காணாமல்போன இவர் செருப்பும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வர, கண்ணில் நீர்வரச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தி, சோபாவைக் குனிந்து பார்த்தாள்.

"மாமா," என்றாள், நிலையத்தில் பேசுகிற அதே நிதானத்தோடு. "பனிக்குடம் உடைஞ்சிருச்சு. குழந்தை வந்துகொண்டிருக்கிறது."

அலமாரிக்கு மேலே இருந்த இடுக்கில் கணக்கு வாத்தியாரின் இரண்டு கண்கள் தெரிந்தன. எதன்மேலோ ஏறி நின்றிருந்தார்.

"மாமா! என்ன பண்ணறது?"

"நீங்க என்ன சொல்றீங்க மாப்ளே?"

"நான் வெளிய இருக்கேன்! நீங்கதான் உள்ள இருக்கீங்க!"

பாவம் மாமா. ஆயுசிலேயே முதல்தடவையாக அவர் கப்பலுக்குள் இருந்தார். ஆனாலும் வழக்கம் விடுமா? விரல்விட்டு எண்ணி ஆரம்பித்தார். தீயணைப்புக்காரர்களைக் கூப்பிடலாம், அதில் அவர்கள் வரத் தாமதமாகும் என்கிற சங்கடம் இருக்கிறது. நிலையை அறுக்கலாம், அதில் வீட்டுக்காரர் என்ன சொல்வாரோ என்கிற சங்கடம் இருக்கிறது. டாக்டரை அலமாரிக்கு மேலே வழியாக உள்ளே விடலாம், அதில் டாக்டர் ஒல்லியாக இருக்கவேண்டும். அலமாரியை உடைக்கலாம்... இந்த இடத்தில் அவர் குரல் இறங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது.

"என்னங்க, அலமாரி உள்ள போயாச்சா?" அத்தையின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

"பாதி போயாச்சு."

"கீறல் விழாம பாத்துக்கோங்க. எங்கப்பா கையால இழைச்சது. ஒண்ணு ஆச்சுன்னா அப்புறம் நீங்க வீட்டுக்கே வரவேண்டாம்."

அவர் பதில் சொல்வதற்குள் அக்கா மகள் "ஆ!" என்று சோபாவின் கையை இறுக்கிப் பிடித்தாள். மாமா போனை அணைத்துவிட்டார். அவள் நெற்றி வியர்த்திருந்தது. உதடு வெளுத்திருந்தது. இவளைத் தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து தூக்கி வளர்த்தவர் அவர். இப்போது அவள் பக்கத்தில் போய் நிற்கவும் தெரியாமல், எட்டி நிற்கவும் முடியாமல் தவித்தார்.

வெளியே கடப்பாரை சிமெண்டுத் தரையில் உரசுகிற சத்தம் கேட்டது. மேஸ்திரி தயாராகத்தான் இருந்தார். ஆனால் அவரும் நாலு வீடு பார்த்தவர்.

"சார், முதுகுப்பலகையை ரெண்டு போடு போட்டா வழி கிடைச்சிடும். ஆனா நாளைக்கு அந்தம்மா வந்து யாருய்யா உடைக்கச் சொன்னதுன்னு கேட்டா, நாங்க யாரைச் சொல்லறது?"

மாமா இடுக்கில் தெரிந்த கண்களைப் பார்த்தார். அவை படபடவென்று இமைத்தன. அக்கா மகளைப் பார்த்தார்.

"உடைக்கலாம்கறது என் யோசனை. நீ என்னம்மா நினைக்கறே?"

"யோசனை போதும் மாமா!" அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "எனக்குப் பயமா இருக்கு. நீங்க சொல்லுங்க. யாராவது ஒருத்தர் சொல்லுங்க!"

மாமா வாயைத் திறந்தார், மூடினார். தொண்டையைச் செருமினார். அந்தச் சொல் வெளியே வருவதற்கு அவர் பட்ட பாடு, அடுத்த வலிக்காகக் காத்திருந்த அவளுக்கே தன் பாட்டை மறக்கச் செய்தது.

"நான் சொன்னேன்னு சொல்லு," என்றார். பிறகு கட்டடம் அதிரக் கத்தினார். "நான்தான் சொல்றேன். உடை!"

"உடைக்கிறோம், சார்!" என்று வெளியே நான்கு தொண்டைகளும் முழங்கின.

கடப்பாரை இறங்கியது. மாமா உள்ளிருந்து இரட்டைக் கதவைத் திறந்து, தட்டுப்பலகைகளை ஒவ்வொன்றாக உருவிக் கூடத்தில் வீசினார். ஆம், கையால்! வெள்ளைச் சட்டை அக்குளில் கிழிந்தது. முதுகுப்பலகை பிளந்து விழுந்ததும், அந்தப் பக்கம் கணக்கு வாத்தியார், மேஸ்திரி, தூக்குகிறவர்கள், அவர்களுக்குப் பின்னால் ஊசியோடு தையற்காரர் என்று ஒரு கூட்டமே தெரிந்தது. மாமா முதலில் அலமாரிக்குள் ஏறி, உள்ளிருந்து கையை நீட்டினார். அக்கா மகள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து, கதவு வழியாக நுழைந்து முதுகு வழியாக வெளியேறினாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது, வலித்தது, மாமாவின்மேல் தாங்கமுடியாத பாசமாகவும் இருந்தது.

டாக்ஸியில் அவர் முன்சீட்டில் உட்கார்ந்து, ஒவ்வொரு திருப்பத்திலும் "ஸ்டார்போர்டு! ஸ்டார்போர்டு!" என்று அலறிக்கொண்டே வந்தார்.

"சார், நான் ஓட்டட்டுமா?" என்றார் டிரைவர்.

ஆஸ்பத்திரி வாசலில் அவர் நழுவிவிடுவார் என்றுதான் கணக்கு வாத்தியார் எதிர்பார்த்தார். மாமா இறங்கினார், உள்ளே வந்தார், பிரசவ அறைக் கதவு வரைக்கும் வந்தார். நர்ஸ் தடுத்திராவிட்டால் இன்னும் உள்ளே போயிருப்பார். கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல், கிழிந்த சட்டையோடு அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். பெண்குழந்தை. தாய்க்கு ஒரு குறையுமில்லை. செய்தி வந்ததும் மாமா குலுங்கிக் குலுங்கி அழுதார். யோசனை மட்டும் சொல்கிறவர்கள் யாரும் அப்படி அழுவதில்லை.

அத்தை, அந்த மூன்றாவது மாடி வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். கையில் முதுகுப்பலகையிலிருந்து பிளந்த ஒரு மரத்துண்டு இருந்தது. குழந்தையை எடுத்துக் கொஞ்சினாள், அக்கா மகளின் தலையைத் தடவிக்கொடுத்தாள், பிறகு எழுந்து நின்று மரத்துண்டை உயர்த்தினாள்.

"எங்கப்பா அலமாரியை யாரு உடைக்கச் சொன்னது?"

கணக்கு வாத்தியார் சுவரைப் பார்த்தார். அக்கா மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு மாமாவைப் பார்த்தாள். கதவு திறந்துதான் இருந்தது. படிக்கட்டும் பக்கத்திலேயே இருந்தது.

"நான்தான் சொன்னேன்," என்றார் மாமா.

அத்தை எல்லாவற்றுக்கும் தயாராக வந்திருந்தாள், இதற்குத் தயாராக வரவில்லை. மாப்பிள்ளை முடிவு என்பார், மேஸ்திரி அவசரம் என்பார், தேக்கே சரியில்லை என்பார் என்று ஒவ்வொன்றுக்கும் பதில் யோசித்து வைத்திருந்தாள். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவர் வாயிலிருந்து அந்த இரண்டு வார்த்தைகளை அவள் கேட்டதே இல்லை. மரத்துண்டைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்தில் வந்து, அவர் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

"என்னங்க, உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?"

சரி, நீங்கள் சிரித்தது போதும். "எங்க சித்தப்பா அச்சு அசலா இப்படித்தான்" என்று பக்கத்திலிருப்பவரிடம் படித்துக்காட்டவும் எழுந்துவிட்டீர்கள். கொஞ்சம் உட்காருங்கள். போன வாரம் உங்கள் அலுவலக நண்பர் ஒருவர், மேலதிகாரி படுத்துகிற பாட்டைச் சொல்லிப் புலம்பவில்லை? நீங்களும் காபியை உறிஞ்சிக்கொண்டே, "இவ்வளவு திறமையை வெச்சுக்கிட்டு இங்க எதுக்கு இருக்கே? வேலையைத் தூக்கி எறிஞ்சுட்டு வெளிய வா, எல்லாம் பாத்துக்கலாம்" என்று அவர் தோளில் தட்டவில்லை?

அவர் எறிந்துவிட்டாராம். உங்கள் வீட்டு விலாசத்தை விசாரித்துக்கொண்டிருக்கிறார்.